ரெஸ்ட்ரெயின்ட்: ‘கட்டுப்பாடு’ என்று எழுதினால் போதுமா?

அமெரிக்காவில் நடத்தைச் சிக்கலோ மனநலச் சிக்கலோ உள்ள பதின்பருவத்தினரை வைத்துத் திருத்துவதாகச் சொல்லும் ‘டிரபிள்டு டீன்’ விடுதிகளில் நடக்கும் சாவுகளைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர் முதலில் இடறும் சொல் ரெஸ்ட்ரெயின்ட், அதாவது ஒருவரை அசையவிடாமல் பிடிப்பது அல்லது கட்டுவது. அகராதியைப் புரட்டினால் கட்டுப்பாடு, அடக்கம், தடை என்று மூன்று சொற்கள் கிடைக்கும். மூன்றும் தவறல்ல, ஆனால் இந்த இடத்துக்கு மூன்றுமே பொருந்தாது. ‘ஊழியர்களின் கட்டுப்பாட்டில் இருந்தபோது சிறுவன் இறந்தான்’ என்று எழுதிப் பாருங்கள். யாருடைய பொறுப்பிலோ இருந்தவன் எப்படியோ இறந்தான் என்றுதான் படிப்பவருக்குப் படும். மிச்சிகன் மாநிலம் கலமாசு நகரில் லேக்சைட் அகாடமி என்ற அத்தகைய விடுதியில் 2020 ஏப்ரல் 29 அன்று நடந்ததோ வேறு. சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டித் துண்டை வீசிய 16 வயதுச் சிறுவனை ஊழியர்கள் பலர் சேர்ந்து தரையில் கிடத்தி, ஏறத்தாழ 12 நிமிடம் மேலே அழுத்திப் பிடித்தார்கள். மூச்சு விட முடியவில்லை என்று அவன் சொன்னான். மே 1 அன்று மருத்துவமனையில் இறந்தான். மருத்துவ ஆய்வாளர் அதைக் கொலை என்று பதிவு செய்தார். ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லில் இதில் ஒன்றுகூடத் தெரிவதில்லை.

வேர்

லத்தீனில் ஸ்ட்ரிங்கெரே என்றால் இறுக்கிக் கட்டுவது. ‘பின்னுக்கு’ என்ற பொருள் தரும் ‘ரெ’ முன்னொட்டு சேர்ந்து ரெஸ்ட்ரிங்கெரே ஆனது. பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்தது. கண்டிப்பைக் குறிக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ இதே வேரில் பிறந்தது. மனநல விடுதிகளின் பழைய அடையாளமான ‘ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்’டின் முதற்பாதியும் அப்படியே. ஆக, சொல்லின் அடியில் கிடப்பது கயிறு. பிறகுதான் அது மனத்துக்குள் ஏறி, கோபம் வந்தும் கைநீட்டாத பொறுமைக்குப் பெயரானது. இன்று ஒரு விடுதியின் கையேட்டில் ரெஸ்ட்ரெயின்ட் என்று அச்சாகும்போது செய்யப்படுவது கயிற்றின் வேலை, காதில் விழுவது பொறுமையின் ஒலி. அதுவும் போதாதென்று ‘தெரபியூட்டிக் ஹோல்ட்’ (சிகிச்சைப் பிடி) என்பார்கள், ‘பிசிகல் இன்டர்வென்ஷன்’ (உடல்வழித் தலையீடு) என்பார்கள். இங்கிலாந்தில் ரெயின்ஸ்புரூக் சிறார் காவல் மையத்தில் 2004 ஏப்ரலில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். எடை ஏறத்தாழ 41 கிலோ. மூன்று ஊழியர்கள் அவன்மேல் போட்ட பிடிக்குக் கையேட்டில் இருந்த பெயரைத் தமிழாக்கினால் ‘அமர்ந்தநிலை இரட்டை அணைப்பு’. அணைப்பாம்! அந்தப் பிடி பிறகு கைவிடப்பட்டது.

‘டிரபிள்டு டீன்’ என்பதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழ்ச் செய்திகளில் ‘பிரச்சினைக்குரிய சிறார்’ என்று வருகிறது. ஆங்கிலச் சொல் துன்பப்படுபவரைக் குறிக்கிறது, தமிழாக்கம் துன்பம் கொடுப்பவரைக் குறிக்கிறது. ‘அல்லலுற்ற பதின்பருவத்தினர்’ என்றால் சரி. விடுதிகளும் அந்தச் சொல்லைத் தமிழாக்கத்தின் பொருளில்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன என்பது வேறு கதை.

அடக்கு, அடங்கு

‘அடக்கம்’ ஏன் கூடாது? தமிழில் அது உயர்ந்த குணம், அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அது தன்னைத் தானே அடக்குவது. இன்னொருவர் செய்தால் அடக்குமுறை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிடித்து அமுக்கப்பட்ட பிள்ளை துள்ளலை நிறுத்தியதும் ‘அடங்கிட்டான்’ என்போம். உயிர் போனதற்கும் ‘மூச்சு அடங்கியது’ என்போம். புதைப்பதும் அடக்கம்தான். மொழி ஒரே சொல்லால் சொல்லும் இரண்டு நிலைகளைப் பிரித்தறியத் தவறுவதுதான் இந்தச் சாவுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அது எப்படி என்று பார்ப்போம். ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஆள் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று இழுக்கிறார். அதில் 150 மில்லிலிட்டர் வரை தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே நின்றுவிடும், ரத்தத்தைத் தொடாது. மூச்சு ஆழம் குறையக் குறைய, உள்ளே போகும் காற்றில் பயனுள்ள பங்குதான் முதலில் காணாமல் போகும். பேச்சுக்கோ மிகக் குறைந்த காற்று போதும். ஆகவே ‘பேச முடிகிறதென்றால் மூச்சும் விட முடிகிறது’ என்று ஊழியர்களிடையே புழங்கும் வாக்கு பொய். ‘மூச்சு முட்டுது’ என்று ஒருவன் கத்த முடிகிற நேரத்திலேயே அவன் நுரையீரலுக்குப் போதுமான காற்று போகாமல் இருக்கலாம்.

குப்புறக் கிடத்தி முதுகில் எடையை ஏற்றினால் விலாக்கூடு விரிய இடமில்லை. வயிறு தரையில் அழுந்த, குடலும் கல்லீரலும் மேலே தள்ளப்பட்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் கீழிறங்க முடியாது. உடல் பருமனான பிள்ளைக்கு இது இன்னும் மோசம். உட்கார வைத்து முன்னால் வளைத்தாலும் இதே கதிதான், ரெயின்ஸ்புரூக்கில் நடந்தது அதுவே. பின்னாலிருந்து பிள்ளையின் கைகளையே அவன் மார்பின் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் ‘கூடைப்பிடி’யில், பிடித்தவர் முன்சாய்ந்தாலோ இருவரும் சேர்ந்து விழுந்தாலோ அவன் கைகளே அவன் நெஞ்சை நெரிக்கும்.

ஆக்சிஜன் குறைவது மட்டுமல்ல. மூர்க்கமாகத் திமிறும் தசைகள் அமிலத்தைச் சுரக்கின்றன. வேகமாக, ஆழமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றித்தான் உடல் அதைச் சமாளிக்கும். ஓடி முடித்தவர் இரைக்க இரைக்க நிற்பது அதனால்தான். அந்த இரைப்புக்கே வழியில்லாமல் நெஞ்சை அமுக்கினால் ரத்தம் அமிலமாகி இதயம் சில நிமிடங்களில் நின்றுவிடலாம். ஆஸ்துமா, நிறைந்த வயிறு, இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மனநோய் மருந்துகள், எச்சில் படாமலிருக்க முகத்தில் போடும் துணி ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும்.

காற்றுக்காகத் தவிப்பவன் இன்னும் பலமாகத் திமிறுவான். மேலே இருப்பவர் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்துவார். திமிறல் நின்றதும் ‘அடங்கிட்டான்’ என்று குறிப்பில் எழுதுவார்கள். கண்ணை மூடி நடிக்கிறான் என்று காத்திருந்த நேரமும் சில வழக்குகளில் பதிவாகியிருக்கிறது.

இதைத் தடுக்க ஆகும் செலவு ஒரே ஓர் ஆள். பிடியில் கை வைக்காத ஒருவர் தலைமாட்டில் நின்று கடிகாரத்தையும் முகத்தையும் பார்க்க வேண்டும். ‘விடு’ என்று சொல்லும் அதிகாரம் பதவியில் இளையவரானாலும் அவருக்கு இருக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, பெயர் சொன்னால் பதில் வருகிறதா, தொண்டையில் கரகரப்பு கேட்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கருத்த தோலில் நீலம் பாரிப்பது தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று ஒரு சொல் வந்தாலும், உடல் திடீரெனத் துவண்டாலும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். உடலை ஒருக்களித்துத் திருப்பி மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் அவசர உதவிக்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழம். கலமாசுவில் பிடியை விட்ட பிறகும் பல நிமிடங்கள் கழித்தே அழைப்பு போனது.

எண்களும் விதிகளும்

அமெரிக்காவின் ‘ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட்’ நாளிதழ் 1998-இல் பத்தாண்டுக் கணக்கைத் தோண்டி எடுத்து, ரெஸ்ட்ரெயின்ட்டின்போதோ தனியறையில் அடைத்தபோதோ நடந்த 142 சாவுகளைப் பட்டியலிட்டது. 2000-இல் வந்த அமெரிக்கக் குழந்தைகள் உடல்நலச் சட்டத்துக்கு அது ஒரு தூண்டுதல். குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 1993 முதல் 2003 வரை விடுதிகளில் ரெஸ்ட்ரெயின்ட்டோடு தொடர்புடைய 45 சாவுகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றில் 25-க்குக் காரணம் மூச்சடைப்பு. 2018 வரை நீட்டித்தபோது எண்ணிக்கை 79.

அமெரிக்கக் கூட்டரசின் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் பெறும் சிறார் மனநல விடுதிகளுக்கான விதியில் நல்ல, கூர்மையான வரையறை உண்டு. கருவி எதுவுமின்றி உடல்பலத்தால் அசைவைத் தடுப்பது ஒரு வகை. பட்டை, வார், கைவிலங்கு போன்றவற்றால் தடுப்பது இரண்டாவது. மருந்து கொடுத்துச் செயலிழக்க வைப்பது மூன்றாவது. தனியறையில் அடைப்பது வேறு தலைப்பு. அழும் பிள்ளையைத் தேற்றச் சற்றுப் பிடித்துக்கொள்வதும், கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவதும் இதில் சேரா. தண்டனையாகவோ ஊழியர் வசதிக்காகவோ பழிவாங்கவோ செய்யக்கூடாது. ‘தேவைப்பட்டால் செய்க’ என்று முன்கூட்டி எழுதிவைக்கும் ஆணை செல்லாது. ஒவ்வொரு ஆணைக்கும் உச்சவரம்பு 9 வயதுக்குக் கீழ் 1 மணி நேரம், 9 முதல் 17 வரை 2 மணி, 18 முதல் 21 வரை 4 மணி. தொடங்கிய 1 மணி நேரத்துக்குள் தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் நேரில் பார்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பிள்ளையோடும் ஊழியரோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதயம் சில நிமிடங்களில் நின்றுவிடலாம் என்று மேலே பார்த்தோம். விதியின் அலகோ மணிநேரம். அந்த வரம்பு ஆணைக்கு உரியது, குப்புறப் பிடிக்கு உரியதல்ல. ஆனால் கையேட்டில் ‘2 மணி நேரம்’ என்று படித்த ஊழியருக்கு 12 நிமிடம் அதிகமாகத் தோன்றாது.

தவிர, இந்த விதி எல்லா விடுதிக்கும் பொருந்தாது. பெற்றோர் கைப்பணம் கட்டும் ‘தெரபியூட்டிக்’ உறைவிடப் பள்ளிகளும் வனாந்தர முகாம்களும் மாநிலச் சட்டத்தின் கீழ் மட்டும் வருகின்றன, சில அதற்கும் சிக்குவதில்லை. யூட்டா மாநிலம் 2021-இல் சட்டத்தை இறுக்கியது. மிச்சிகன், கலமாசு சாவுக்குப் பின் குப்புறப் பிடியைத் தடை செய்தது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் விடுதிகளில் நடக்கும் வன்முறையை ஆராய்ந்து பரிந்துரை தரச் சொல்கிறது, எந்தப் பிடியையும் அது தடை செய்யவில்லை.

இந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு அந்நியமல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதன் 97-ஆம் பிரிவு உடல்வழித் தடுப்பை உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் அனுமதிக்கிறது. ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாகாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது.

எந்தத் தமிழ்ச் சொல்?

‘பிணிப்பு’ நல்ல சொல், ஆனால் பிணி நோயையும் குறிப்பதால் மருத்துவக் கட்டுரையில் குழப்பும். ‘தளை’ பொருந்துகிறது. மாட்டின் காலில் கட்டுவது தளை. பனையேறி காலில் மாட்டுவதும் தளை. யாப்பிலும் தளை உண்டு. இறுக்கம் எங்கும் மாறவில்லை. ஆகவே பொதுச்சொல்லாகத் தளைப்பு. வார், பட்டை கொண்டு செய்வது கருவித்தளைப்பு, ஊசி மாத்திரையால் செய்வது மருந்துத்தளைப்பு, தனியறை தனியடைப்பு. வெறுங்கையால் செய்வதற்கு ‘உடல்தளைப்பு’ என்று கலைச்சொல் ஆக்கலாம்தான். ஆனால் உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி வரிசையில் ‘அமுக்குப்பிடி’ என்றால் பத்திரிகை படிக்கும் யாருக்கும் விளக்கம் வேண்டாம். எந்த நிலையில் என்பதையும் சேர்க்கலாம்: குப்புற அமுக்குப்பிடி, மல்லாந்த அமுக்குப்பிடி, அமர்ந்த அமுக்குப்பிடி. சட்டக் கட்டுரைக்கு உடல்தளைப்பு, செய்திக்கு அமுக்குப்பிடி.

வினையில் எழுதும்போது ‘கட்டுப்படுத்தப்பட்டான்’ என்ற செயப்பாட்டு வினையை விட்டுவிடுங்கள். செய்தவர் யாரென்று அது கேட்க விடாது. எத்தனை பேர், எந்த நிலையில், உடலின் எந்தப் பகுதியில் எடை, எத்தனை நிமிடம், முன்னால் என்ன நடந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற ஆறும் ஒரு வாக்கியத்தில் அடங்கும். எடுத்துக்காட்டாக: ‘தட்டை எடுக்க மறுத்த 14 வயதுப் பிள்ளையை மூன்று ஊழியர்கள் குப்புறக் கிடத்தி, ஒருவர் தோளிலும் ஒருவர் இடுப்பிலும் ஒருவர் காலிலுமாக 9 நிமிடம் அமுக்கிப் பிடித்தனர், மூச்சைக் கவனிக்க யாரும் நிறுத்தப்படவில்லை.’