புத்தகத்தை மூடிவிட்டு எழுத முடிவது எப்படி?

ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரைந்து பாருங்கள். இரண்டு சக்கரம், ஹேண்டில்பார், சீட் எல்லாம் சட்டென்று வந்துவிடும். பெடல் எங்கே இருக்கிறது, செயின் எதையெல்லாம் சுற்றிப் போகிறது, நடுவில் உள்ள கம்பிகள் எதை எதோடு சேர்க்கின்றன என்று வரும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா லாசன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. செயினை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டியவர்கள் அதில் உண்டு. அப்படி மாட்டினால் ஹேண்டிலைத் திருப்பவே முடியாது.

அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் 1979-இல் இதேபோல ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து புழங்கிய நாணயம். ஆனாலும் அதிலுள்ள 8 முக்கிய அம்சங்களில் சராசரி ஆள் சரியான இடத்தில் வைத்தது 3 மட்டுமே. ஆயிரம் முறை பார்த்தால் மனத்தில் பதிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது. நாணயத்தைச் செலவழிக்க அதன் நிறமும் அளவும் போதும். எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தேவைப்படவில்லை, அதனால் மூளை அதை எடுத்து வைக்கவும் இல்லை.

அப்படியானால் ஒரு விஷயத்தைப் பற்றிப் புத்தகம் பார்க்காமல் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களிடம் இருப்பது என்ன? கோலம் போடுகிறவர்களைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்து" என்று ஒருவர் சொன்னால் போதும். நடுவில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8 வரை போகும் ஓர் அறுகோணம் வாசலில் வந்துவிடும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 169 புள்ளிகள். அந்த 169 புள்ளிகளின் இடத்தையும் யாரும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கவில்லை. வைத்திருப்பது இரண்டு எண்ணும் ஒரு விதியும்தான். மற்றதெல்லாம் அந்த இடத்திலேயே பிறக்கிறது.

நம் செயல்நினைவு, அதாவது இந்த நொடியில் கையாளக்கூடிய நினைவு, மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் அதை ஏழு உருப்படிகள் என்று மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்காகக் குறைத்தார். இவ்வளவு குறுகிய இடத்தை வைத்துக்கொண்டு பெரிய விஷயங்களைச் சமாளிக்க ஒரே வழி, ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் நிறைய அடங்கும்படி செய்வதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியது சதுரங்கம். நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் 1940-களில் தொடங்கிய சோதனையை, 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் விரிவாகச் செய்தார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுக்கட்டத்தை 5 நொடி மட்டும் காட்டிவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதிதாகக் கற்றவருக்கு 4 தான் வந்தது. சரி, மாஸ்டருக்கு அபார நினைவாற்றல் போலும் என்று தோன்றுகிறது அல்லவா? அடுத்து அதே காய்களைக் கன்னாபின்னாவென்று பலகையில் இறைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். மாஸ்டர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. கோட்டை கட்டிய ராஜா, அவர் முன்னால் மூன்று சிப்பாய்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார். அந்தக் கூட்டங்கள் அர்த்தம் இழந்தவுடன் அவருடைய பலமும் போய்விடுகிறது.

எனக்கு இதைவிடவும் பிடித்த ஆய்வு 1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் செய்தது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு அதை ஒரு மாதிரி மைதானத்தில் நடத்திக் காட்டவும், நினைவிலிருந்து சொல்லவும் அந்த மாணவர்களைக் கேட்டார்கள். வாசிப்புத் திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்ட, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைத் தாண்டிவிட்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை. "ஞாபகசக்தியே இல்லாத பிள்ளை" என்று திட்டு வாங்கும் பையன் ஒரு பழைய ஆட்டத்தின் கடைசி ஓவரைப் பந்து பந்தாகச் சொல்லுவான். அவனிடம் நினைவு இருக்கிறது. பாடத்தைத் தொங்கவிட ஓர் ஆணி அவன் மனத்தில் இன்னும் அடிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்தத் திட்டு அநியாயமானது.

ஆக, நன்கு தெரிந்த விஷயத்தை எழுதும்போது மூளை ஏற்கெனவே உள்ள ஒரு பிரதியைப் படித்துக் காட்டுவதில்லை. காரணம், விளைவு, வரிசை என்ற சட்டத்தை வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட சோதனையில், வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதை ஒன்றை இங்கிலாந்து மாணவர்களுக்குக் கொடுத்துத் திரும்ப எழுதச் சொன்னார். பழங்குடியினரின் ஓடம் சாதாரணப் படகாக மாறியது, சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். தெரியாத இடங்களைத் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து அவர்கள் நிரப்பினார்கள், நிரப்பியது தெரியாமலேயே. அதனால் நினைவிலிருந்து எழுதும்போது ஒன்று எப்படி இயங்குகிறது என்ற பகுதியை ஓரளவு நம்பலாம். ஆண்டு, அளவு, பெயர் ஆகியவற்றை அப்படி நம்பக்கூடாது. அவற்றை எந்த விதியிலிருந்தும் வருவிக்க முடியாது.

வருவிக்க முடியாததையும் காப்பாற்ற நம் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தார்கள்: யாப்பு. ஒரு வெண்பாவில் ஒரு சொல் மறந்துவிட்டால், அந்த இடத்தில் எந்தச் சொல்லையும் போட்டுவிட முடியாது. எதுகை இரண்டாம் எழுத்தைக் கட்டிப்போடுகிறது, மோனை முதல் எழுத்தைக் கேட்கிறது, தளை அசையின் அளவைச் சொல்லுகிறது. பொருந்துகிற சொற்கள் இரண்டு மூன்றாகக் குறைந்த பிறகு, சரியானது தானாக எழுந்து வந்துவிடும். அந்தாதி இன்னும் ஒரு படி மேலே. ஒரு பாட்டு முடிகிற சொல்லே அடுத்த பாட்டைத் தொடங்கி வைக்கிறது. நூறு பாட்டுக்கும் வரிசை மாறாது. நினைவில் இருப்பது தொலைவதைவிட, அதை எடுக்கும் வழி தொலைவதே அதிகம் என்று இன்றைய உளவியல் சொல்லுகிறது. அந்தாதி அந்த வழியைப் பாட்டுக்குள்ளேயே கட்டிவைத்த ஏற்பாடு. 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டும் கலை. கேட்கிறவர்கள் விதவிதமாகக் கவனத்தைக் கலைக்க, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா சொல்லுவது அவதானத்தின் பகுதி. யாப்பு எலும்பு வரை இறங்கியவருக்கே அது கூடும்.

சரி, இந்தச் சட்டத்தை நாம் எப்படிக் கட்டிக்கொள்வது? மறுபடி மறுபடி வாசிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் அதைச் சோதித்தார்கள். ஒரு சாரார் ஒரு பத்தியை இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த முறை வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்கள் 81 சதவீதமும், எழுதியவர்கள் 75 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் 42, எழுதியவர்களிடம் 56. இடையில் யாருக்கும் விடை திருத்திக் கொடுக்கப்படவில்லை. தேடி எடுக்கும் செயலே பதிவை வலுப்படுத்தியிருக்கிறது.

திரும்பப் படித்தால் வரிகள் பழகிப்போய் எல்லாம் தெரிந்ததுபோல ஓர் உணர்வு வரும். சைக்கிளைப் பார்த்தவுடன் நமக்கு வருவதும் அதே உணர்வுதான். யேல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் ரோசன்பிளிட், கைல் இருவரும் ஜிப், பூட்டு, ஃபிளஷ் டேங்க் போன்றவை எவ்வளவு புரியும் என்று ஆட்களையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அவை இயங்கும் விதத்தைப் படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள்.

எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் விடக்கூடாது, இல்லாவிட்டால் பார்ட்லெட்டின் மாணவர்களைப் போல நிரப்பியதும் சேர்ந்தே ஊறிவிடும். அப்புறம் எத்தனை நாள் விட்டு மறுபடி எழுதுவது? நிக்கலஸ் செபெடாவும் கூட்டாளிகளும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2008-இல் இதற்கு விடை தேடினார்கள். சோதித்துப் பார்த்த இடைவெளிகளில், ஒரு வாரம் கழித்துத் தேவைப்படும் விஷயத்துக்கு ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 35 நாள் கழித்து என்றால் 11 நாள், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என்றால் 21 நாள். பிப்ரவரியில் படித்த பாடத்தை மார்ச் மாதப் பொதுத்தேர்வில் எழுதப் போகிறவர்கள், நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு, முதலில் வெற்றுத்தாளையும் பிறகே புத்தகத்தையும் எடுக்கலாம்.