லோரி வருது, லோரி வந்துச்சு

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லி நாம் ஆளைக் கேலி செய்வோம். இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு எனக்கு அது கேலியாகவே தெரிவதில்லை. அரண்டுபோனவர் கண்ணுக்கு நிஜமாகவே பேய்தான் தெரிகிறது, அவர் நடிக்கவில்லை. இன்னொன்றும் சொல்வோம்: "சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது." இந்த இரண்டையும் சேர்த்தால், பி.டி.எஸ்.டி. என்கிற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயில் பாதி வந்துவிடும். மீதிப் பாதி, என்றோ நடந்து முடிந்தது தினமும் திரும்ப நடப்பது. அதற்கு மட்டும் எனக்குத் தெரிந்து நம்மிடம் பழமொழி இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது என் அறை. நான் மருத்துவ உளவியலாளர். டாக்டர் இல்லை, மாத்திரை எழுத மாட்டேன். எத்தனை முறை சொன்னாலும் பாதிப்பேர் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே நான் சொல்லப்போகும் அண்ணன் ஒரே ஆள் அல்ல. என்னிடம் வந்த நாலைந்து பேரின் அனுபவத்தை ஊர், வயது, வேலை எல்லாம் மாற்றி ஒருவராக்கியிருக்கிறேன்.

வயது நாற்பத்தேழு என்று வைத்துக்கொள்வோம். ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்ட் முடிந்து, தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டாரில் கிள்ளானுக்குத் திரும்பும்போது, சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் லோரி மோதியது. இவருக்குக் கால் முறிவு. தம்பி அங்கேயே போய்விட்டார். பதினோரு மாதம் கழித்துத்தான் என்னிடம் வந்தார், அதுவும் அண்ணி இழுத்துக்கொண்டு வந்ததால்.

முதல் நாள், சன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. கதவும் சன்னலும் ஒருசேரத் தெரிகிற மூலைக்கு அதை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு லோரி வந்து நின்றது. நின்றதும் பிரேக்கிலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று விடுமே, அந்தச் சத்தம் நமக்கெல்லாம் காதில் விழுந்தாலும் விழாத மாதிரிதான். அவர் மேசை விளிம்பைப் பிடித்த பிடியில் நகமெல்லாம் வெளுத்துப்போனது. என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

முதலில் கூட்டரசு நெடுஞ்சாலையைத் தவிர்த்திருக்கிறார். பிறகு மோட்டாரையே தொடுவதில்லை, கொமுட்டர் ரயில்தான். பிறகு வேலைக்கே போகப் பிடிக்காமல் எம்.சி.க்கு மேல் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு. வீட்டில் மகன் சட்டி மூடியைக் கீழே போட்டதற்கு அறை வாங்கினான். அடித்த கையைப் பார்த்துக்கொண்டு அப்பா குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அம்மா, "பயந்திருக்கான்" என்று கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிற்றோடு எனக்குச் சண்டை கிடையாது. பிள்ளைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் கயிறு கட்டிய கையோடு, "அத பத்தியே பேசாத, மறந்துடு" என்றும் சொல்லிவிட்டார்கள். வீடே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தம்பியின் படத்தைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

இந்த மௌனம் எங்கள் வீட்டிலும் இருந்தது. 1942, 43இல் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போய்த் திரும்பிய சிலரில் என் தாத்தாவும் ஒருவர். எங்கள் வீட்டில் மூங்கில் சாமான் எதுவும் இருக்காது. கூடை, முறம், ஏணி, ஒன்றும் கூடாது. அங்கே முகாமில் மூங்கில் பரணில்தான் படுக்கை என்று பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரவில் அவர் அலறினால் பாட்டி எழுந்து தண்ணீர் கொடுப்பார், "சயாம்ல இருந்து வந்ததுலேர்ந்து அப்படித்தான்" என்பார், விளக்கை அணைத்துவிடுவார். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல்தான். அதற்குள் தாத்தா முப்பத்தைந்து வருஷம் அலறி முடித்திருந்தார்.

சரி, அப்படியென்றால் பயங்கரம் ஒன்றைப் பார்த்த எல்லோரும் எங்களிடம் ஓடி வர வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். முதல் மாதத்தில் தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, காட்சி கண்முன் வருவது எல்லாம் இயல்பு. அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டுகிறோம். விபத்து நடந்த மறுநாளே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததைக் கொட்டச் சொல்லும் ஒருநாள் கூட்டங்களை நான் ஆதரிப்பதில்லை. அவற்றால் இந்த நோய் தடுக்கப்படவில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆரம்ப நாட்களில் பெஞ்சோடயஸபின் வகைத் தூக்க மாத்திரைகளையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் வேண்டாமென்றே சொன்னது. அந்த நேரத்தில் தேவை சாப்பாடு, தூங்க இடம், கூட ஒரு ஆள்.

ஆனால் பதினோரு மாதம் ஆகியும் லோரி நிற்காமல் வந்துகொண்டிருந்தால் கதை வேறு.

நான் அவரோடு செய்தது உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறை. ஒரு அமர்வு தொண்ணூறு நிமிடம், எட்டிலிருந்து பதினைந்து அமர்வு வரை போகும். கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல, நிகழ்காலத்தில் சொல்லச் சொல்வோம். அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு நிகழ்காலத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பேன். அண்ணனுக்குத் தேவையே படவில்லை. "பச்ச விழுது. நான் எடுக்குறேன். லோரி வருது மிஸ், லோரி வருது." அவருக்கு வேறு காலமே தெரியவில்லை.

இதற்குமுன் அவர் இந்தக் கதையைச் சொல்லாதவர் அல்ல. போலீஸ் நிலையத்தில் சொன்னார், தொழிலாளர் காப்புறுதி அலுவலகமான சொக்சோவில் சொன்னார், தொழிற்சாலையில் சொன்னார். எல்லாம் மலாயில். "லோரி டாரி கீரி, லங்கார் மோட்டோ, அடெக் சாயா மெனிங்கால்." இடது பக்கமிருந்து லோரி, மோட்டாரில் மோதியது, என் தம்பி இறந்துவிட்டார், அவ்வளவுதான். கண் கலங்காமல் என்னிடமும் முதலில் அப்படித்தான் ஒப்பித்தார். "இத அப்படியே தமிழ்ல சொல்லுங்கண்ணே" என்றேன். "என் தம்பி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அன்று ஒரு சொல்லும் வரவில்லை.

மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கிறது. பக்கத்திலேயே ஹிப்போகாம்பஸ், எங்கே, எப்போது என்று குறித்துவைக்கிறது. உயிர் போகும் நேரத்தில் முதலாவது ஓங்கிக் கத்துகிறது, இரண்டாவது தடுமாறிவிடுகிறது. விஷயம் இதைவிடச் சிக்கலானது, ஆனால் வருகிறவர்களுக்கு இப்படித்தான் விளக்குவேன். சத்தம், டீசல் வாடை, ரத்தம் எல்லாம் பதிவாகிவிடும். "எப்போது" மட்டும் பதிவாகாது. மறக்கடிப்பது எங்கள் வேலை இல்லை. விட்டுப்போன அந்த "எப்போது" பதிவாகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவது அமர்வுக்குப் பிறகு ஆளைக் காணோம். தவறு என்னுடையது. இரண்டு படி தாண்டிவிட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பை மட்டுமல்ல, அடுப்பைப் பற்றிப் பேசச் சொல்கிறவளையும்தான் தவிர்க்கும். மூன்று வாரம் கழித்து அண்ணியிடம் பேசி, சின்னதாக மறுபடி ஆரம்பித்தோம். பயப்படுவதை எல்லாம் எழுதி, நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போட்டார். லோரிக்குப் பின்னால் மோட்டார் ஓட்டுவது தொண்ணூற்றைந்து. அடுக்குமாடிக்குக் கீழே நிற்கிற மோட்டாரில் சும்மா உட்காருவது நாற்பது. அந்த நாற்பதில் தொடங்கினோம். தினமும் சாயங்காலம் எஞ்சினை முடுக்காமல் இருபது நிமிடம் உட்காருவார். "அப்பா ஏன் சும்மாவே உக்காந்திருக்காரு"ன்னு மகன் கேட்டானாம். பத்து நாளில் நாற்பது பதினைந்தானது. மகனும் பின்னால் ஏறி உட்கார ஆரம்பித்துவிட்டான்.

கஷ்டமானது லோரி அல்ல, குற்ற உணர்ச்சி. "நான்தான் மிஸ், 'ஏறுடா, பஸ் எதுக்கு'ன்னு சொன்னேன்." உங்கள் தப்பில்லை என்று ஊரே சொல்லிவிட்டது, ஒட்டவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. அன்று காலை மோட்டாரை எடுக்கும்போது உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"மழ இல்லன்னு தெரியும். பஸ்ஸுல போனா ஒரு மணி நேரம் ஆகும்னு தெரியும். அவனுக்குத் தூக்கம் சொக்குதுன்னு தெரியும், சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சேன்."

"லோரி?"

"எப்படி மிஸ் தெரியும்?" என்று என்மீதே கோபப்பட்டார். அந்தக் கோபத்துக்காகத்தான் ஏழு வாரம் காத்திருந்தேன்.

இப்படி எண்ணங்களை எடுத்து அலசுவதற்கென்றே பெட்ரீஷியா ரெசிக் வகுத்த பன்னிரண்டு அமர்வு முறை ஒன்று உண்டு. கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொல்லி நினைவைத் தொடும் இ.எம்.டி.ஆர். முறையை ஃபிரான்சின் ஷபிரோ 1987இல் தொடங்கினார். அந்தக் கண்ணசைவுதான் குணமாக்குகிறதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் சிகிச்சை பலன் தருகிறது, உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. எந்த முறை என்பதைவிட, அதை முறையாகக் கற்றவரா என்று பாருங்கள். வருகிறவர் தினமும் அடி வாங்கும் வீட்டுக்கே திரும்பிப் போகிறவர் என்றால், இதில் எதையும் தொடங்க மாட்டேன். லோரி இன்னும் வந்துகொண்டிருக்கும்போது வந்துவிட்டது என்று சொல்லச் சொல்வது அநியாயம். முதலில் பாதுகாப்பு. தாலியன் காசே உதவி எண் 15999 அதற்குத்தான். பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலும் இதற்கென்றே நெருக்கடி மையம் இருக்கிறது. பினாங்கில் இருப்பவர்கள் 1985 முதல் இயங்கும் டபிள்யு.சி.சி. பெண்கள் மையத்தை நாடலாம்.

செலவைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். தனியாரில் ஒரு அமர்வுக்கே நூற்றுக்கணக்கில் வெள்ளி ஆகும், உண்மைதான். ஆனால் குடிமக்களுக்குக் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசு மருந்தகத்தில் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கி அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால் ஐந்து வெள்ளி. காத்திருக்கத்தான் வேண்டும். ஆலோசகரிடம் போவதாக இருந்தால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் வாரியமான லெம்பாகா கவுன்செலரில் பதிந்தவரா, தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, இருபத்துநான்கு மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றேன் என்று சொன்னால் போலீஸ் வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023லேயே எடுத்துவிட்டது.

அண்ணனுக்குப் பதின்மூன்று அமர்வு ஆனது. தம்பியின் படம் மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டது. மழை நாளில் இன்றும் ரயில்தான். திதிக்கு முந்தைய ராத்திரி தூங்குவதில்லை. கடைசி நாள் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பாதிப் பேச்சில் கீழே ஒரு லோரி நின்று காற்று விட்டது. கண் சன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"அன்னைக்கு அந்த லோரி வந்துச்சுல்ல மிஸ், அதுக்கு முந்தி அவன் என்னமோ சொன்னான். இப்பதான் ஞாபகம் வருது. வீட்டுல தோச இருக்கான்னு கேட்டான்."

சிரித்தார், துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய்ச் சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "மோட்டார கீழ கடவாசல் அஞ்சடியில வெச்சுட்டு வந்துட்டேன். இங்க சம்மன் போடுவானுங்களா?"