தியாக்கோனியா: பணிவிடை என்றே சொல்லலாம்

தியாக்கோனியா புதிய ஏற்பாட்டில் வரும் ஒரு கிரேக்கச் சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. ஏவிய வேலையைச் செய்பவர், குறிப்பாகப் பந்தியில் பரிமாறுபவர், தியாக்கோனோஸ். அவர் செய்வது தியாக்கோனியா. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடிகளையும் தண்ணீரால் நிரப்பினார்களே, அந்த வேலைக்காரர்களையும் யோவான் நற்செய்தி தியாக்கோனோஸ் என்ற இதே சொல்லால்தான் குறிக்கிறது. கோயிலிலோ பீடத்திலோ பிறந்த சொல் அல்ல இது. சாப்பாட்டுப் பந்தியில் பிறந்தது.

திருச்சபை இதைத் தன் சொல்லாக்கிக்கொண்ட இடம் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் தினசரி உணவுப் பங்கீட்டில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது, அந்தப் பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். கிரேக்க மூலத்தில் விதவைகளுக்கான உணவுப் பங்கீடும் தியாக்கோனியா, வசனத்தைப் போதிப்பதும் தியாக்கோனியா. மூன்று வசன இடைவெளியில் ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமமோ முன்னதை 'அன்றாட விசாரணை' என்றும் பின்னதை 'ஊழியம்' என்றும் பிரித்துவிட்டது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. வனாந்தரத்தில் தேவதூதர்கள் இயேசுவுக்கு 'ஊழியஞ்செய்தார்கள்' என்கிறது 13ஆம் வசனம். காய்ச்சல் நீங்கி எழுந்த பேதுருவின் மாமியார் 'பணிவிடைசெய்தாள்' என்கிறது 31ஆம் வசனம். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். தூதர் செய்தால் ஊழியம், வீட்டுப் பெண் செய்தால் பணிவிடை என்ற பாகுபாடு மாற்கு எழுதியதில் இல்லை. அது நம் மொழிபெயர்ப்பில் நுழைந்தது. மொழிபெயர்த்தவர்கள் இடத்துக்கு ஏற்ற நல்ல தமிழைத்தான் தேடினார்கள். ஆனாலும் படிப்பவர் மனதில் இரண்டு வேலைகளும் இரண்டு படிகளில் உட்கார்ந்துவிட்டன.

ஊழியம் என்ற சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் அரசுக்கும் மேலோருக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதியார் முதுகில் ஏற்றப்பட்ட சுமை அது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையிலும் சோனகர் (முஸ்லிம்கள்), செட்டிகள் மீது இதே பெயரில் கட்டாய வேலை சுமத்தப்பட்டது. இன்று சபைகளில் நிலைமை தலைகீழ். 'அண்ணன் முழுநேர ஊழியத்தில் இருக்கிறார்' என்றால் பிரசங்கம் செய்கிறார், சபை நடத்துகிறார் என்றே புரிந்துகொள்கிறோம். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு வருடக்கணக்கில் உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, புண்ணுக்கு மருந்து வைக்கும் பெண்ணைப் பார்த்து 'அவர் ஊழியம் செய்கிறார்' என்று யாரும் சொல்வதில்லை. புதிய ஏற்பாட்டின் சொல்வழக்குப்படி அதுவும் தியாக்கோனியாதான். மத்தேயு 25இல் 'பசியாயிருந்தேன், வியாதியாயிருந்தேன்' என்று வரும் பகுதியின் இறுதியில், நியாயத்தீர்ப்பில் இடப்பக்கத்தில் நிற்பவர்கள் 'எப்பொழுது உமக்கு உதவிசெய்யாதிருந்தோம்' என்று கேட்கிறார்களே, அந்த 'உதவி'யும் இதே வினைதான்.

ஜெர்மனியில் இந்தச் சொல் தன் பழைய பொருளோடு மீண்டது. 1836இல் கைசர்ஸ்வெர்த் ஊரில் போதகர் தியோடர் பிளீட்னரும் அவர் மனைவி பிரெடெரிக்கேயும் தியாக்கோனியப் பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கி, நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்றுவித்தார்கள். 1851இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே பயிற்சி பெற்றார். அந்நாட்டின் புராட்டஸ்டன்ட் சமூகநல அமைப்புக்கு இன்றும் தியாக்கோனி என்றே பெயர்.

நமக்குப் பக்கத்திலேயே வேலூர் இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45இலிருந்து எடுத்தது: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. அங்கே ஊழியம் என்பது பிரசங்க மேடையைக் குறிக்கவில்லை, வார்டைக் குறிக்கிறது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு 'தொண்டு' என்ற சொல்லை எடுத்தது. பழைய தமிழில் தொண்டுக்கு அடிமை வேலை என்ற பொருளும் உண்டு. சைவ மரபில் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியை ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அப்பர் திருத்தொண்டர். கையால் செய்யும் எளிய வேலை என்ற பொருள் அந்தச் சொல்லில் கெடாமல் இருக்கிறது. சபைப் பதவிக்கு, பழைய 'உதவிக்காரர்', 'டீக்கன்' இரண்டையும்விடத் திருத்தொண்டர் பொருத்தம். ரோமர் 16:1இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் தியாக்கோனோஸ் என்றே அழைக்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் 'ஊழியக்காரி'யாக இருந்த அவர், புதியதில் திருத்தொண்டர் ஆனார். நல்ல திருத்தம்.

ஆனால் அன்றாடச் செயலுக்கு என் தேர்வு பணிவிடைதான். 'தொண்டு' என்றதும் இப்போது தொண்டு நிறுவனம், நன்கொடை ரசீது என்று மனம் போய்விடுகிறது. பணிவிடைக்கு எதிரே ஓர் ஆள் இருந்தாக வேண்டும், அவர் பக்கத்தில் நாம் போயாக வேண்டும். 'பணி' என்பதற்கு வேலை என்றும் பொருள், குனி என்றும் பொருள். முதியவருக்குச் சோறு ஊட்டுவதும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதும், பந்தியில் கடைசி இலைக்கும் சாம்பார் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.