வேலையைப் பிரித்தீர்கள், முடிவெடுப்பதை?

தலைமையாசிரியர் அறை வாசலில் எந்நேரமும் நான்கு பேர் காத்திருக்கும் பள்ளிகள் உண்டு. ஒருவருக்கு ஆய்வகப் பொருள் வாங்க அனுமதி, ஒருவருக்கு மாற்று ஆசிரியர், இன்னொருவருக்குத் தேர்வுத் தேதியை ஒரு நாள் தள்ள வேண்டும். "எல்லாருக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுத்திருக்கிறேனே!" என்பார் தலைமையாசிரியர். அறிவிப்புப் பலகையில் பட்டியலும் இருக்கும். பிரிக்கப்பட்டது வேலை மட்டும்தான். முடிவெடுக்கும் உரிமை அந்த அறையை விட்டு நகரவே இல்லை.

தலைமை என்பது தலைவர், உடன் பணியாற்றுவோர், சூழல் ஆகிய மூன்றுக்கும் இடையில் நிகழ்வது என்று ஜேம்ஸ் ஸ்பில்லேன் போன்ற கல்வி ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்தே எழுதிவருகிறார்கள். நடைமுறையில் அதை முடிவுகளின் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். இரண்டு வாரங்களுக்கு, தலைமையாசிரியரிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: யார் கேட்டார், எதைப் பற்றி, தலைமையாசிரியரைத் தவிர வேறு யாரால் பதில் சொல்லியிருக்க முடியும். அந்த மூன்றாவது குறிப்பைப் பார்த்தாலே எவற்றைக் கைமாற்றலாம் என்பது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் கூடாது. குழந்தைகள் பாதுகாப்பு குறித்த புகார், ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, கணக்கில் இறுதிக் கையெழுத்து ஆகியவை தலைமையாசிரியரிடமே இருக்கட்டும். பணி மதிப்பீடும் அப்படித்தான். வகுப்பைக் கவனித்து ஆலோசனை சொல்லும் பாட ஒருங்கிணைப்பாளரே மதிப்பீட்டு அறிக்கையும் எழுதினால், அவர் வரும் நாளில் ஆசிரியர்கள் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவார்கள். தடுமாறும் இடத்தை யாரும் காட்டமாட்டார்கள்.

கைமாற்றும் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பக்கத் தாள் போதும். தானே முடிவெடுக்கக்கூடியவை, முடிவெடுத்தபின் தெரிவிக்க வேண்டியவை, முன்கூட்டியே கேட்க வேண்டியவை என்று மூன்று பகுதிகள். அவற்றின் கீழே செலவு வரம்பு, பொறுப்புக் காலம், அவர் விடுப்பில் இருந்தால் பார்த்துக்கொள்பவர் பெயர். தேர்வுப் பொறுப்பாளரை எடுத்துக்கொள்வோம்: அறை ஒதுக்கீடும் கண்காணிப்புப் பணியும் அவர் முடிவு, ஒரு பாடத் தேர்வின் நேரத்தை மாற்றினால் தெரிவிக்க வேண்டும், தேர்வையே தள்ளிவைப்பதென்றால் கேட்க வேண்டும். இந்தத் தாளின் நகல் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்க வேண்டும். பொறுப்பாளரின் எல்லை அவருக்கு மட்டும் தெரிந்து பயனில்லை.

அடுத்தது நேரம். பெரும்பாலான திட்டங்கள் படுப்பது இங்கேதான். வாரம் 28 பாடவேளை எடுப்பவருக்கு, ஒன்றைக்கூடக் குறைக்காமல் ஒருங்கிணைப்பாளர் பதவி கொடுத்தால், அந்த வேலை நோட்டுத் திருத்தும் நேரத்தைத்தான் தின்னும். வாரம் மூன்று நான்கு பாடவேளையாவது குறையுங்கள். ஒரே பாடத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு ஓய்வு வேளையாவது சேர்ந்து வரட்டும். இதைக் கால அட்டவணை போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அட்டவணை ஓடத் தொடங்கியபின் ஒரு வேளையை நகர்த்தினால் ஐந்து வகுப்புகள் குலையும்.

இவ்வளவும் செய்தபின் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். ஒரு பெற்றோரோ ஆசிரியரோ நேராகத் தலைமையாசிரியரிடம் வருகிறார். பாவம், அலைக்கழிக்க வேண்டாமே என்று அவர் உடனே பதில் சொல்லிவிடுகிறார். மறுநாள் முதல் பொறுப்பாளரை யாரும் தேடமாட்டார்கள். "இது அவர் பார்ப்பது, அவரிடம் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புவதே உதவி. பொறுப்பாளரின் முடிவு தவறென்று பட்டால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். மாற்றத்தை அவரே அறிவிக்கட்டும்.

இன்னொன்று: திறமையான இரண்டு பேர் தலையிலேயே எல்லாம் விழுவது. ஒருவருக்கு ஒரு பெரிய பொறுப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஆளை மாற்றுவதும் சரிவராது. பிடிபடும் நேரத்தில் பொறுப்பு கைமாறிவிடும். இரண்டு ஆண்டு, அதில் கடைசிப் பருவத்தில் அடுத்தவர் உடனிருந்து கற்றுக்கொள்வது என்றால் ஓரளவு சரியாக வரும்.

ஒருவருக்குப் பொறுப்பு சரிப்படவில்லை என்றால் உடனே பறிக்காமல் முதலில் அந்த ஒரு பக்கத் தாளைப் பாருங்கள். செலவு வரம்பு போதாமலோ, குறைத்துத் தருவதாகச் சொன்ன பாடவேளை குறையாமலோ இருக்கலாம். அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால் பருவ முடிவில் மாற்றுங்கள். நிலுவையில் உள்ள வேலைகளை எழுதி வாங்கிக்கொண்டு, புதியவரின் பெயரை எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிவியுங்கள்.