பருப்பு வகை மரமா? 'லெகூம்' என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொற்கள்

திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: "பிரேசில் காட்டில் 40 மீட்டர் உயரமுள்ள புதிய பருப்பு வகை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது." மற்ற வரிகள் நன்றாகவே இருந்தன, எழுதியவர் கவனமானவர். ஆனால் இந்தப் 'பருப்பு வகை' எத்தனை முறை என் கண்ணில் பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. காட்டில் கண்ட புதிய செடி அவரைக் குடும்பத்ததாக இருந்துவிட்டால் போதும், ஆங்கிலத்தில் 'லெகூம்' என்று இருப்பது தமிழுக்கு வரும்போது பருப்பாகிவிடுகிறது. 'பூக்கும் காட்டுப் பருப்பு' என்று எழுதியவர்களும் உண்டு.

முதலில் அந்த மரத்தைப் பார்ப்போம். பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தின் வடபகுதியில், அட்லாண்டிக் காட்டில் நிற்கிறது. லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த குவிலிம் லூயிஸும் பிரேசில் தாவரவியலாளர் ஒருவரும் சேர்ந்து 2017இல் கியூ புல்லட்டின் ஆய்விதழில் அதற்கு விளக்கம் எழுதினார்கள். பெயர் டினிசியா ஜுவெய்ரானா-ஃபகாவ். 40 மீட்டர் வரை வளரும், எடை 62 டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அப்போது தெரிந்திருந்தவை 25 மரங்கள் அளவுக்குத்தான். 1922 முதல் டினிசியா என்ற இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், ஒரே ஒரு சிற்றினம்தான் அறியப்பட்டிருந்தது, அதுவும் அமேசான் பக்கத்து மரம். இது இரண்டாவது. பெயரின் பின்பாதி அந்த ஊர்க்காரர்கள் வைத்தது. 'ஃபகாவ்' என்றால் போர்ச்சுகீசிய மொழியில் வெட்டரிவாள். அரை மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் அதன் காய் பார்க்க வெட்டரிவாள் மாதிரி இருக்கும். அந்த ஊர் மக்கள் மரத்தின் காயைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமோ உள்ளே இருக்கும் விதையைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டோம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீன் 'லெகூமென்' என்பதிலிருந்து வந்தது 'லெகூம்'. 'லெகெரே' என்றால் பறித்தல், சேகரித்தல். அரிவாளால் அறுக்காமல் கையால் பறிப்பதால் இந்தப் பெயர் என்று ரோமானிய அறிஞர் வாரோ விளக்கம் சொன்னார். பிரெஞ்சில் அதே சொல் பொதுவாகக் காய்கறியைக் குறிக்கும். தாவரவியலில் அதற்கு இரண்டு பொருள்: ஒன்று ஒரு வகைக் காய், மற்றொன்று அந்தக் காயைக் காய்க்கும் செடிகளின் குடும்பம். குடும்பத்துக்கு லெகுமினோசே, ஃபேபேசி என்று இரண்டு பெயர்கள், இரண்டும் செல்லும். 'ஃபாபா' என்பதும் லத்தீனில் ஓர் அவரைதான்.

சரி, பருப்புக்கு வருவோம். துவரை வயலில் நிற்கும்போது துவரை. அதில் காய்ப்பது துவரங்காய். தோல் நீக்கி உடைத்த பிறகுதான் துவரம்பருப்பு. பாசிப்பயறு உடைபட்டால் பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை உடைபட்டால் கடலைப்பருப்பு. மொச்சையை, தட்டைப்பயறை நாம் பருப்பு என்று கேட்டு வாங்குவதில்லை, அவை முழுதாகவே இருப்பதால். மளிகைக் கடையில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு தெரியும். உடைத்த விதைக்கும் உள்ளீட்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயரைக் காட்டில் நிற்கும் செடிக்குத் தூக்கிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொரு பக்கமும் உதைக்கிறது. முந்திரிப்பருப்பும் பாதாம்பருப்பும் நம் மொழியில் பருப்புதான். ஆனால் முந்திரி மாமரத்தின் குடும்பம், பாதாம் ரோஜாவின் குடும்பம். ஆக, 'பருப்பு வகை' என்ற சொல் சேராததைச் சேர்க்கிறது, சேர வேண்டியதை விட்டுவிடுகிறது. புளி, கொன்றை, புங்கை, வாகை, வேங்கை, அகத்தி, ஆவாரை, கருவேலம், தொட்டாச்சிணுங்கி எல்லாம் இந்தக் குடும்பம்தான். குன்றிமணியும் இதே குடும்பம். அதன் விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காட்டில் புதிதாகக் கண்ட ஒரு செடியைப் 'பருப்பு' என்று எழுதினால், சாப்பிடலாம் போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதனால்தான் இதைச் சின்னத் தவறு என்று என்னால் விட முடியவில்லை.

'பூக்கும்' என்ற ஒட்டும் தேவையில்லை. இந்தக் குடும்பத்தில் பூக்காத செடியே கிடையாது. மூலத்தில் இருந்ததற்காக அப்படியே இறக்கி வைத்தது அது.

பாடநூல்காரர்கள் காய்க்கு 'இருபுற வெடிகனி' என்று ஆக்கினார்கள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஓர் அவரைக்காயை எடுத்து நார் உரித்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் நார் வரும். அந்த இரண்டு ஓரமும்தான் காய் பிளக்கும் கோடுகள். மெல்லப் பிரித்தால் விதைகள் எல்லாம் ஒரே ஓரத்தில் ஒட்டியிருப்பது தெரியும், அதுவும் முதல் விதை இந்தத் தோட்டில், அடுத்தது அந்தத் தோட்டில் என்று மாறி மாறி. இரண்டு கோட்டிலும் வெடிப்பது இருபுற வெடிகனி, ஒரே கோட்டில் வெடிக்கும் எருக்கங்காய் ஒருபுற வெடிகனி. காயின் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்க இது நல்ல சொல். ஆனால் இதையே செடிக்கும் குடும்பத்துக்கும் நீட்டும்போதுதான் சிக்கல். புளியம்பழம் வெடிக்காது. சரக்கொன்றைக் காயைக் கல்லால் உடைத்தால்தான் உண்டு. நிலக்கடலை மண்ணுக்குள் மூடியபடியே கிடக்கும். வெடிக்காத இத்தனை காய்களை வெடிகனிக் குடும்பம் என்பதா? அப்புறம், தாவரவியல் படிக்காத ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்டால் அவர் கண்முன் எந்தச் செடியும் வந்து நிற்காது.

காய்க்கு நம்மிடம் இதைவிடப் பழைய சொல் இருக்கிறது: நெற்று. பச்சையாக இருந்தால் காய், முற்றிக் காய்ந்தால் நெற்று. குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், காற்று மோதும்போது வாகையின் வெண்மையான நெற்று ஒலிக்கிறது, கயிற்றில் ஏறி ஆடுபவர்களின் பறையைப் போல. கோடையில் வாகை மரத்தடியில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கிலுகிலுப்பைச் செடிக்குப் பெயர் வந்ததும் நெற்றுக்குள் விதை குலுங்கும் ஓசையால்தான். தாவரவியலில் அதன் பேரினப் பெயரான குரோட்டலேரியாவும் கிரேக்க மொழியில் தாளக்கருவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே நெற்றைக் குலுக்கிப் பார்த்து ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நெற்றுக்கும் ஒரு குறை உண்டு. முருங்கை நெற்று, நெற்றுத் தேங்காய் என்றும் சொல்கிறோம், அவை வேறு குடும்பங்கள். அதனால் காய்ந்த காய்க்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு 'அவரை' என்றே சொல்லலாம். குறுந்தொகை 82இல், தினை அரிந்த தாளில் அவரைக்கொடி பூக்கிறது, பனிக்காலத்தில். கன்னடத்தில் அவரெ, மலையாளத்தில் அவர. இலங்கைப் பாடநூல்கள் 'அவரையம்' என்று ஒரு சொல் ஆக்கியிருக்கின்றன, எனக்கு அது பிடிக்கும். செய்தி எழுதுபவர்களுக்கு 'அவரைக் குடும்பம்' போதும். ஃபேபேசி என்ற பெயரும் ஓர் அவரையிலிருந்து பிறந்ததுதானே, பொருத்தம் தானாக அமைகிறது. இதுவும் பிடிக்கவில்லையா, 'லெகூம்' என்றே எழுதுங்கள். தெரியாத சொல்லைப் படிப்பவர் தேடிப் பார்ப்பார். தவறான தமிழ்ச் சொல்லைப் படித்தவர் தெரிந்துவிட்டதாக எண்ணிப் போய்விடுவார். தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு, ஆனாலும் தெளிவுக்குப் பிறகுதான் அது.

இதோடு, இப்படிப்பட்ட செய்திகளில் வரும் 'புதிய ரகம்' என்பதையும் சொல்லியாக வேண்டும். ரகம் என்பது பொன்னி மாதிரி மனிதர் தேர்ந்தெடுத்து வளர்ப்பது. காட்டில் தானாக நிற்பது சிற்றினம். ஒன்று உழவர் வீட்டுப் பிள்ளை, மற்றது நம்மைக் கேட்காமல் பிறந்தது. 'கண்டுபிடித்தார்கள்' என்பதையும் பார்த்து எழுத வேண்டும். ஊர்க்காரர்கள் பெயர் வைத்துவிட்ட மரம் அது. தாவரவியலாளர்கள் செய்தது மாதிரிக் கிளையை உலர்த்திப் பதிந்து, பிற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று விளக்கம் எழுதி, முறைப்படி பெயரிட்டது. பெரிய வேலை அது, அதன் பெயரிலேயே அதைச் சொல்லலாம்.

அந்த மொழிபெயர்ப்பின் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, 40 மீட்டர் வரை உயரும் ஒரு காட்டு மரத்தைப் புதிய சிற்றினம் என்று தாவரவியலாளர்கள் விவரித்திருக்கிறார்கள், அரிவாள் போன்ற அதன் நீண்ட நெற்றைப் பார்த்து ஊர் மக்கள் வைத்த பெயரே அதன் அறிவியல் பெயரிலும் இடம்பெற்றிருக்கிறது."