ஸ்கேனில் தெரியும் கட்டி எந்தக் கட்டி?

"அம்மாவின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரலில் 2 செ.மீ. லீஷன் என்று போட்டிருக்கிறார்கள். அது என்னவென்று தெரிய சிடி எடுக்க வேண்டுமாம். ஏஐ இவ்வளவு வளர்ந்த பிறகும் அதே ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிறைய பேருக்கு இருக்கும் கேள்விதான்.

லீஷன் என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம். சுற்றியுள்ள திசுவிலிருந்து மாறுபட்டுத் தெரியும் எந்த இடத்தையும் அப்படித்தான் எழுதுவார்கள். ஹீமாஞ்சியோமா என்ற தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி கல்லீரலில் சர்வ சாதாரணம். சிக்கல் என்னவென்றால், வயிற்று ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், தான் அனுப்பும் ஒலியின் எதிரொலியை மட்டுமே பார்க்கிறது. ஹீமாஞ்சியோமா பொதுவாக வெள்ளையாகத் தெரியும். ஆனால் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுக்கட்டிகளிலும் சில வெள்ளையாகத் தெரியும். கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தால் பின்னணியே வெளுத்துவிடும். அப்போது அதே ஹீமாஞ்சியோமா கறுப்பாகக்கூடத் தெரியலாம். நிறத்தை மட்டும் வைத்து எந்த ஏஐயும் அடித்துச் சொல்ல முடியாது.

கட்டியைக் காட்டிக்கொடுப்பது ரத்தம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மிச்சம்தான் தமனி வழியாக. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது. ஆகவே ரத்தம் எங்கே முதலில் வருகிறது, எப்போது வடிகிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது. ஆனால் நுண்ணிய குழாய்களில் ஊரும் ரத்தத்தின் எதிரொலி மிக மிக மெல்லியது. திசுவின் இரைச்சலில் அது அமுங்கிப்போகும்.

இங்கேதான் நுண்குமிழி வருகிறது. இந்தத் துறையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு வாயுவை மெல்லிய கொழுப்பு உறைக்குள் அடைத்து, கைநரம்பில் ஊசி போடுகிறார்கள். ஒரு குமிழியின் விட்டம் சராசரியாக 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணு 7, 8 மைக்ரான் இருக்கும். அதனால் சிவப்பணு நுழையும் இடத்திலெல்லாம் குமிழியும் நுழையும், ஆனால் குழாயைத் தாண்டி வெளியே கசியாது. 1933இல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி, குமிழிக்கென்று இயல்பாக அதிரும் ஒரு அதிர்வெண் உண்டு, குமிழி சிறுக்கச் சிறுக்க அது கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இந்த 2, 3 மைக்ரான் குமிழிக்கு அந்த அதிர்வெண் சில மெகாஹெர்ட்ஸ். வயிற்று ஸ்கேன் பயன்படுத்துவதும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ்தான்! அதனால் ஸ்கேனின் ஒலி பட்டதுமே குமிழி பலமாக அதிர்ந்து உரக்க எதிரொலிக்கும். குமிழியின் அளவை முடிவு செய்வது தந்துகி என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாயின் அகலம், ஸ்கேனின் அதிர்வெண்ணை முடிவு செய்வது உடலின் ஆழம். சம்பந்தமே இல்லாத இரண்டு கணக்குகள் ஒரே இடத்தில் வந்து பொருந்துகின்றன.

அதோடு முடியவில்லை. காற்றடித்த பந்தை ஓரளவுக்கு மேல் அமுக்க முடியாது இல்லையா, குமிழியும் அப்படித்தான்: விரியும்போது தாராளமாக விரியும், சுருங்கும்போது முரண்டு பிடிக்கும். திசு அப்படியில்லை, மெல்லிய ஒலிக்கு இரண்டு பக்கமும் சமமாக அசையும். எனவே கருவி ஒரு ஒலித்துடிப்பை அனுப்புகிறது, அடுத்ததைத் தலைகீழாக்கி அனுப்புகிறது, திரும்பி வரும் இரண்டு எதிரொலிகளையும் கூட்டுகிறது. திசுவின் எதிரொலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன, குமிழியுடையது மட்டும் மிஞ்சுகிறது. குமிழி உடையாதபடி ஒலியின் வலுவையும் குறைத்து வைப்பார்கள். திரை கிட்டத்தட்ட இருட்டாக இருக்கும். ஊசி போட்ட 10, 20 விநாடியில் தமனி பளிச்சென்று எரியும், பிறகு கல்லீரல் முழுக்க வெளிச்சம் பரவும். ஹீமாஞ்சியோமா ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிரம்பும். கல்லீரல் புற்று தொடக்கத்திலேயே பளிச்சிட்டு, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குப் பிறகு லேசாக மங்கும். பரவி வந்த புற்று ஒரு நிமிடத்துக்குள்ளேயே மங்கிவிடும்.

இந்த வீடியோதான் ஏஐக்குச் சரியான தீனி. மூச்சுக்கு மூச்சு கல்லீரல் நகரும்; மென்பொருள் கட்டியை விடாமல் பின்தொடர்ந்து, வெளிச்சம் ஏறி இறங்குவதை வரைபடமாக்கும். நரம்பு வலையமைப்பு (படங்களைப் பார்த்துப் பழகும் ஏஐ மென்பொருள்) வடிவத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்து வகையைக் கணிக்கும். ஆனால் அது பழகிய படங்கள் ஒரே மருத்துவமனையின், ஒரே கருவியின் படங்களாக இருந்தால் வேறு இடத்தில் தடுமாறும். சந்தேகமான கட்டியில் டாக்டர் வைத்த அளவுக்குறியைப் பார்த்தே 'புற்று' என்று சொல்லப் பழகிவிடும் ஆபத்தும் உண்டு. புதுப்புது அல்காரிதங்களுக்குக் கொட்டும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை, சிறு ஊர் மருத்துவமனைகளிலிருந்தும் பயாப்ஸி (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவோடு கூடிய வீடியோக்களைச் சேகரிக்கச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காமாலைக்கு மந்திரிப்பது இன்னும் நிற்கவில்லை. காமாலைக்குக் காரணமாகும் கல்லீரல் வைரஸ் நோய்களில் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் மந்திரத்துக்குப் போய்விடும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படி விடாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து சிர்ரோசிஸிலோ (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) புற்றிலோ கொண்டுபோய் நிறுத்தும். சிர்ரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது அதனால்தான்.

சரி, வாசகரின் அம்மா விஷயம். குமிழி ஊசியோடு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த வாயு சுமார் 15 நிமிடத்தில் மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. கிடைக்காவிட்டால், அதிலும் அம்மாவுக்கு சிர்ரோசிஸோ ஹெபடைடிஸ் பியோ இருந்தால், சிடியைத் தள்ளிப்போடாதீர்கள்.