ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதி வரி நிறுத்திவைப்பு: யார் கேட்கலாம், எங்கே சிக்கும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் வெளியிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்க வரி ஒன்றே. தன் தொழிற்சாலைக்கு ஒரு ரசாயனம் வேண்டும் என்பதற்காக ஜெர்மனி மட்டும் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. எல்லா நாடுகளோடும் பேசித்தான் ஆக வேண்டும். அதற்கான வழிதான் வரி நிறுத்திவைப்பு. ஒன்றியத்துக்குள் கிடைக்காத மூலப்பொருள், உதிரிபாகங்களுக்கு வரி முழுவதுமோ பகுதியோ நீக்கப்படும். உள்ளூர் உற்பத்தி இருந்தும் போதாவிட்டால் கோட்டா: குறிப்பிட்ட அளவு வரை சலுகை, முந்தியவருக்கே முதலில்.

பொருளைப் பயன்படுத்தும் நிறுவனம் தன் நாட்டு அரசு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றிய உடன்பாட்டில் இருப்பதால் துருக்கி நிறுவனங்களும் கேட்கலாம். வெளிநாட்டு ஏற்றுமதியாளர் கேட்க முடியாது. கடையில் அப்படியே விற்கும் முழுப்பொருளுக்கும் இது கிடையாது.

மிச்சமாகும் வரி ஆண்டுக்கு 15,000 யூரோவாவது இருக்க வேண்டும். 6.5% வரியுள்ள ரசாயனத்தை 3 லட்சம் யூரோவுக்கு வாங்கினால் வரி 19,500, விண்ணப்பிக்கலாம். 2 லட்சத்துக்கு என்றால் 13,000தான். அதே பொருளை வாங்கும் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஜனவரி 1 முதல் சலுகை வேண்டுமானால் முந்தைய மார்ச் 15க்குள்ளும், ஜூலை 1 முதல் என்றால் முந்தைய செப்டம்பர் 15க்குள்ளும் விண்ணப்பம் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தைச் சேர வேண்டும். பிறகு உறுப்பு நாடுகளின் அதிகாரிகள் ஆணையத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக அலசுவார்கள்.

உண்மையான பேரம் இங்கேதான். "இதே பொருளை, அல்லது இதற்கு மாற்றானதை, எங்கள் நாட்டில் தயாரிக்கிறார்கள்" என்று ஒரு நாடு ஆட்சேபித்தால் விண்ணப்பம் நின்றுவிடும். உள்ளூர்ச் சரக்கு விலை அதிகம் என்ற வாதம் பொதுவாக எடுபடாது. தரமோ தொழில்நுட்ப அளவோ ஏன் பொருந்தவில்லை என்பதைச் சோதனை முடிவுகளோடு காட்ட வேண்டும். ஆட்சேபித்த நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி, அவர்களால் எவ்வளவு தர முடியும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போதாது என்று தெரிந்தால் கோட்டாவாக மாற்றிக் கேட்க வழி திறக்கும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் பொருள் விவரணையில்தான் தடுக்கி விழுகின்றன என்பது எங்கள் கருத்து. விவரணை அகலமாக இருந்தால் சம்பந்தமில்லாத உற்பத்தியாளர்கூட ஆட்சேபிப்பார். மிகவும் குறுக்கினால், தூய்மை விகிதம் அரை சதவீதம் மாறியதற்கே துறைமுகத்தில் சலுகை மறுக்கப்படும். வணிகப் பெயரும் கூடாது. சுங்க அதிகாரி அளந்து சரிபார்க்கக்கூடிய தன்மைகள் மட்டுமே ஏற்கப்படும்.

ஆணையத்தின் முன்மொழிவை, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அமரும் கவுன்சில் தகுதிப் பெரும்பான்மையில் ஏற்க வேண்டும்: குறைந்தது 15 நாடுகள், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையில் 65%. சலுகை விண்ணப்பித்தவருக்கு மட்டுமல்ல, அதே பொருளை இறக்கும் போட்டியாளருக்கும் கிடைக்கும். வழக்கமாக 5 ஆண்டில் மறுபரிசீலனை. குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் இறக்கப்படும் சரக்குக்குப் போடும் கூடுதல் வரி) இருந்தால் அதைத் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.